காரை ஓட்டப்போவது யார்?

என் கணவரின் காருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. வீட்டுக் காராக இருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். கெலாங் பாத்தாவில் எங்கள் தாமான் குடியிருப்பில் அதைவிடக் கிழட்டுக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் இது அவர் பிழைப்புக்கு ஓட்டும் கார். கைப்பேசியில் அழைக்கிறவர்களை ஏற்றி இறக்கும் இ-ஹெய்லிங் வேலைக்கு, குறிப்பிட்ட வயதைத் தாண்டிய கார் ஆகாது. பெர்மிட் முடிகிற மாதம் நெருங்கிவிட்டது. அதற்குள் புதுக் கார் வராவிட்டால் செயலிக்காரர்கள் அவர் கணக்கை மூடிவிடுவார்கள். பாசிர் கூடாங்கில் அவர் வேலை பார்த்த கிடங்கை மூடிய பிறகு அவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு வருடம் உண்டு. காலையில் குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, எங்கும் போகாமல் சோபாவில் உட்கார்ந்திருப்பார். அந்த வருடம் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயமெல்லாம்.

நான் சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்துக்கு அந்தப் பக்கம், துவாசில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பகுதியைக் கவனித்துக்கொள்கிறேன். விடியுமுன் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலையில் கொண்டுவந்து விடும். பெட்டியின் மேலடுக்கைப் பார்த்துவிட்டு ‘சரி’ போடுகிறவள் அல்ல நான். அடிவரைக்கும் கையை விட்டுப் பார்ப்பேன். இதற்காக அங்கே எனக்கு ஒரு பட்டப்பெயர் இருக்கிறது, அதை இங்கே எழுத முடியாது. இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வந்துவிடும். என் கணவர் அதிகம் பேசாதவர். கல்யாணத்துக்கு நான் சரி சொன்னதற்கு அது ஒரு பெரிய காரணம்.

எங்கள் சனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கார் யாருக்கு என்பது ஒன்று, லோன் யார் பெயரில் என்பது வேறு. குடும்பத்தில் யாருடைய சம்பளச் சீட்டு சுத்தமாக இருக்கிறதோ அவர் பெயரை எடுத்துக்கொள்வார்கள், கல்யாணத்துக்கு நகை இரவல் வாங்குவது மாதிரி. என் பெயர் ஏற்கெனவே ஒரு முறை அப்படி இரவல் போயிருக்கிறது. ரெங்கத்தில் இருக்கும் என் அண்ணன் காய்கறி வியாபாரத்துக்கு வேன் எடுத்தபோது கையெழுத்துப் போட்டது நான். நடுவில் அவர் தவணையை விட்டுவிட்டார். பேங்க் அவரை ஒரு நாளும் அழைக்கவில்லை, என்னைத்தான் அழைத்தது. வேலைக்கு நடுவே கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, “கட்டிடுவாங்க, கட்டிடுவாங்க” என்று கெஞ்சியிருக்கிறேன். அண்ணன் கடைசியில் கட்டி முடித்துவிட்டார், அதை மறுக்கவில்லை. ஆனால் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றைக்கும் எடுக்குமுன் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

இந்தக் காருக்கும் என் பெயர்தான் என்பது பேசாமலே முடிவாகியிருந்தது. அவர் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் உடுப்போடு அப்படியே ஷோரூமுக்குப் போனோம். விற்பனையாளர் தமிழர், முப்பது வயதிருக்கும். வாசலிலேயே “வாங்கக்கா, வாங்கண்ணே” என்று வரவேற்று, நாங்கள் உட்காருமுன் குடிக்க மைலோவைக் கொண்டுவந்து வைத்தார். இனிக்க இனிக்கப் பேசுகிற ஆள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

என் கணவர் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசி வரிசை இருக்கையை மடக்கினார், நிமிர்த்தினார், மறுபடியும் மடக்கினார். செனாய் விமான நிலையத்துக்குக் குடும்பமாகப் போகிறவர்களை ஏற்றினால் ஒரே சவாரியில் அரை நாள் வருமானம் என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். கிடங்கு மூடிய பிறகு அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

“அஞ்சு வருஷம் வாரண்டி, அக்கா. எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் நாங்க பாத்துக்குவோம். முதல் சர்வீஸுக்குக் கூலி இல்ல. லோன ஒன்பது வருஷத்துக்கு இழுத்தா மாசாமாசம் கட்டுறதே தெரியாது,” என்றார் விற்பனையாளர்.

“வாரண்டி அஞ்சு வருஷம், லோன் ஒன்பது வருஷம். மிச்ச நாலு வருஷம் கார் படுத்துக்கிட்டா தவணையும் கட்டி ரிப்பேரும் நாங்களே பாக்கணுமா?” என்று கேட்டேன்.

“அக்கா ரொம்ப யோசிக்கிறீங்க லா,” என்று சிரித்தார்.

யோசிப்பதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லி, வாரண்டிப் புத்தகத்தைக் கேட்டேன். அவர் இரண்டு மேசைகளின் இழுப்பறைகளைத் துழாவ வேண்டியிருந்தது. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை போலும். ஐந்து வருடம் என்பது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. பின்னால் போகப் போக எழுத்து சிறுத்தது. பொறுமையாகப் படித்துக்கொண்டே போனேன். வாடகைக்கு, டாக்சிக்கு, இ-ஹெய்லிங்குக்கு ஓட்டும் கார்களுக்கு வாரண்டி ஒரே ஒரு வருடம் என்று ஓரிடத்தில் போட்டிருந்தது. அந்த வரியில் விரலை வைத்துப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதெல்லாம் நீங்க சொல்லாதீங்கக்கா. பிரைவேட் யூஸ்னு போட்டுடலாம். எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க. பேங்குல இருந்து போன் பண்ணுவாங்க, கார் யாரு ஓட்டப்போறதுன்னு கேப்பாங்க. நான்தான், வேலைக்குப் போக வரன்னு சொல்லிடுங்க. லோனும் ஈசியா கிடைக்கும், வாரண்டியும் முழுசா கிடைக்கும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. கல்யாணப் புடவை மாதிரி பத்திரமாக வைத்திருக்கிறேன், வருடா வருடம் புதுப்பிக்கவும் செய்கிறேன். ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பல காலமாகிறது. நான் காரோட்டி இரண்டாம் பாலத்தைக் கடக்கிறேன் என்று சொன்னால் எங்கள் கம்பெனி பஸ் டிரைவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

“அவர் சொல்றது சரிதானே,” என்றார் என் கணவர், கார் கதவில் கையை வைத்தபடி. “எல்லாரும் செய்றதுதான்.”

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் எழுந்து வர முடியவில்லை. முன்பணம் கட்டினோம். லோன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன். கார் எதற்கு என்ற கட்டத்தைத் தானே நிரப்பிக்கொள்வதாக விற்பனையாளர் சொன்னார். நான் அவர் பேனாவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து என் கணவர் ஒரு கண்ணாடித்தாள் போன்ற பிளாஸ்டிக் துண்டைக் கொண்டுவந்து காட்டினார். நான்கு மூலையிலும் உறிஞ்சி ஒட்டும் ரப்பர் இருந்தது. இ-ஹெய்லிங் கார் என்பதற்கு முன்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதை இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டால் சாலையில் மாட்டலாம், சர்வீசுக்குப் போகும்போது கழற்றிவிடலாம். கூட ஓட்டுகிறவர்கள் சொல்லிக் கொடுத்தார்களாம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை கைவேலை காட்டுவதுபோல் அதை என் முன்னால் ஒட்டிக் காட்டினார், எடுத்துக் காட்டினார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் சவாரிக்குப் போனதும் நான் தனியாகக் கிளம்பினேன். ஷோரூமுக்குப் போகவில்லை, அதே கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். விற்கிறவர் சொல்வதைவிட ரிப்பேர் பார்க்கிறவர் சொல்வதுதான் எனக்கு முக்கியம். முகப்பில் மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். என்னைக் ‘காக்’ என்று, அக்கா என்கிற மரியாதையோடு கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்காமல் மலாயில் நேராகவே கேட்டேன்: பிரைவேட் என்று வாங்கிவிட்டு இ-ஹெய்லிங் ஓட்டினால் உங்களுக்குத் தெரியுமா?

அவர் சிரித்தார். ஒவ்வொரு சர்வீசுக்கும் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பதிகிறார்கள். வீட்டுக் கார் வருடத்துக்கு இரண்டு முறை வரும். வாடகைக்கு ஓடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து நிற்கும். ஸ்டிக்கரைக் கழற்றினாலும் மீட்டரைக் கழற்ற முடியாதே என்றார். சின்னச் சின்ன வேலைக்கு யாரும் கேட்க மாட்டார்கள். கியர்பாக்ஸ் மாதிரிப் பெரிய செலவு என்று வரும்போது தலைமை அலுவலகம் எல்லாவற்றையும் தோண்டிப் பார்க்கும். சர்வீசை வெளியே செய்துவிட்டு மறைத்தாலும் வாரண்டி போய்விடும்.

“ஒரு வருஷ வாரண்டியாவது மிஞ்சுமா?” என்று கேட்டேன்.

உதட்டைப் பிதுக்கினார். பொய் சொல்லி வாங்கியது என்று ஆகிவிட்டால் அதையும் சொல்ல முடியாது என்றார்.

சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

“மாட்டுனா பாத்துக்கலாம்,” என்றார்.

“மாட்டுனா யாரு மாட்டுறது? என் பேர்ல லோனு, என் பேர்ல காரு. கியர்பாக்ஸ் போய் நின்னுட்டா உங்களுக்கு வருமானம் நிக்கும். தவணை நிக்காது. போன் எனக்குத்தான் வரும்.”

“உங்கண்ணன் மாதிரின்னு நினைச்சுட்டியா என்ன?”

“அப்படிச் சொல்லல.”

“அப்படித்தான் சொல்ற,” என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “நீ எனக்கு ஒரு வழி சொல்லு. லோன் கிடைக்கலன்னா நான் என்ன செய்யணும்? திரும்ப சோபாவுல உக்காரட்டுமா?”

அவர் கேட்டதில் தப்பு இல்லை. அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது.

அந்த வாரமே பழைய கார் மானத்தை வாங்கியது. ஆயர் ஈத்தாமுக்கு ஒரு சீனத் தம்பதியை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஊர் எல்லையில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பூந்தொட்டிக் கடைகளின் முன்னால், வெயிலில், அவர்கள் வேறு காரை அழைத்துக்கொண்டு போகும்வரை இவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அவர்கள் கோபப்படவில்லையாம், தண்ணீர் போத்தல் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றார். பேங்க் போன் செய்யும்போது சொல்லிக்கொடுத்ததையே சொல்லிவிடலாம் என்று அன்றைக்கு முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் வந்தது ஒரு மாலை நேரம். பஸ் நிறுத்தத்திலிருந்து என்னை அவர் அழைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். டோல் சாவடிக்குப் போகிற சாலையில் லாரிகள் நகராமல் நின்றன. எஞ்சின் கொதித்துவிடும் என்று ஏர்கானை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். என் கைப்பேசியில் தெரியாத எண்.

“ஸ்பீக்கர்ல போடு,” என்றார்.

பேங்க்கில் பேசியவர் ஒரு பெண். நல்ல மலாயில், அவசரமில்லாமல், என் அடையாள அட்டை எண்ணைக் கேட்டார், வேலையைக் கேட்டார், சம்பளம் சிங்கப்பூர்ப் பணமான வெள்ளியிலா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். என் கணவர் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பிடியில் ஸ்டீயரிங் உறை கசங்கியது.

“இந்தக் காரை ஓட்டப்போவது யார்?”

‘நான்தான்’ என்ற ஒரு சொல் போதும். அடுத்த மாதம் ஏழு பேர் உட்காரும் கார் வாசலில் நிற்கும். அவர் முகம் அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்கும். பிறகு ஒவ்வொரு சர்வீசுக்கும் பயம், ஒவ்வொரு சத்தத்துக்கும் பயம், ஒவ்வொரு போனுக்கும் பயம். ஒன்பது வருடம்.

“ஹலோ, காக்?”

“என் கணவர்,” என்றேன். “இ-ஹெய்லிங் ஓட்டுவதற்கு.”

விசைப்பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்படியென்றால் இந்த விண்ணப்பத்தை இப்படியே அனுப்ப முடியாது என்றார் அந்தப் பெண். ஓட்டிச் சம்பாதிக்கப்போகிறவர் தன் பெயரில் விண்ணப்பிப்பதுதான் முறை. அவருடைய வருமானத்துக்கு ஆதாரம் வேண்டும். பத்தாவிட்டால் ஜாமீன் கேட்பார்கள். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

லாரி நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். என் கணவர் காரை எடுக்கவில்லை.

“போங்க, வழி கிடைச்சிடுச்சு,” என்றேன்.

“நீ உன் பேரக் காப்பாத்திக்கிட்ட,” என்றார். அதன்பிறகு காரை எடுத்தார்.

விற்பனையாளர் மறுநாள் அழைத்தார். “அலமாக், அக்கா. நீங்களே கெடுத்துட்டீங்களே,” என்றார். பாதி முன்பணம்தான் திரும்பி வந்தது. வீட்டில் சண்டையில்லை. சண்டை வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் வைத்ததைச் சாப்பிட்டார், பஸ் நிறுத்தத்துக்கு வந்து அழைத்துக்கொண்டார், கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார். பெர்மிட் முடிய இன்னும் எத்தனை நாள் என்று நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். என் பிடிவாதத்தால் ஒரு மனுஷனை மறுபடியும் சோபாவில் உட்கார வைத்துவிட்டேனோ என்று நினைத்து நினைத்து, வேலையில் இரண்டு பெட்டிகளை அடிவரை பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

ஒரு நாள் அவரே பேசினார். “நாளைக்கு லீவு போட முடியுமா? ஸ்கூடாய்க்குப் போகணும்.”

வேறு கம்பெனியின் ஷோரூம் அது. அங்கே அவர் தேர்ந்தெடுத்து வைத்திருந்தது சின்னக் கார், ஐந்து பேர் நெருக்கி உட்காரலாம். இ-ஹெய்லிங்குக்கு இரண்டு வருட வாரண்டி என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். சர்வீஸ் சென்டர் பின்பக்கத்திலேயே இருந்தது. காலையில் விட்டால் காத்திருந்து எடுத்துக்கொண்டு போய்விடலாம், ஒரு நாள் சவாரி கெடாது. உதிரிபாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டுமா என்றுகூட அவர் விசாரித்து வைத்திருந்தார். நான் கேட்க நினைத்த ஒவ்வொரு கேள்வியையும் அவர் முந்தியே கேட்டு முடித்திருந்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பேங்க் அதிகாரி அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்திருந்தார். செயலியில் வந்த வருமானத்தை மாதவாரியாக எடுத்துக் கொடுத்தார் என் கணவர். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, லோன் கொடுக்கலாம், ஆனால் ஒரு ஜாமீன் கையெழுத்து இருந்தால் சுலபம் என்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் தயாராகத்தான் வந்திருந்தேன். சம்பளச் சீட்டுகள், வேலைப் பெர்மிட் எல்லாம் கோப்பில் இருந்தன. மனம் மாறிவிட்டதா என்று கேட்டால் இல்லை, பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்த முறை எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறது, போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். கோப்பைத் திறந்தேன்.

என் கணவர் கையை நீட்டி அதை மூடினார்.

“இவங்க வேணாம்,” என்று அதிகாரியிடம் மலாயில் சொன்னார். “முன்பணம் கூடுதலாவே கட்டுறேன். லோனைக் குறைச்சுக்குங்க.”

கிடங்கு மூடியபோது கொடுத்த நஷ்ட ஈட்டில் அவர் தொடாமல் வைத்திருந்த கடைசிப் பகுதி அது. கூரையை மாற்றலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

“நான் போடுறேன்னு சொல்றேனே,” என்றேன் தமிழில்.

“வேணாம்.”

“கோவத்துல செய்யாதீங்க.”

“கோவம்தான்,” என்றார். அதிகாரி கொடுத்த தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “இன்னும் போகல. ஆனா இதுக்கப்புறம் இந்த காருக்காக பேங்க்காரன் கூப்பிட்டான்னா, எனக்குத்தான் கூப்பிடுவான்.”

ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்தார். புரியாத இடத்தில் நிறுத்தி அதிகாரியிடம் கேட்டார். வாரண்டி இரண்டு வருடம், தவணை ஏழு வருடம், மிச்சமிருக்கும் ஐந்து வருடத்தை நாங்களே சமாளிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். நான் மூடிய கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை அழாமல் உட்கார்ந்திருந்தேன்.